மாந்தோப்பில் சொட்டுநீர், மூடாக்கு, மழைக்குழி: பல பருவப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

2024-இல் மா விளையும் கிருஷ்ணகிரி மாவட்டம் வறட்சி, பெருமழை என்ற இரண்டு எல்லைகளையும் பார்த்துவிட்டது. ஏப்ரல், மே வெயிலில் பிஞ்சுகள் கொட்டின, டேங்கர் தண்ணீர் வாங்கி மரத்தைக் காப்பாற்ற வேண்டிய நிலை வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில், ஃபெஞ்சல் புயல் கரையேறிய பிறகு, ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை. வறட்சியை மட்டும் கணக்கில் வைத்து அமைத்த தோப்பு டிசம்பரில் மாட்டிக்கொள்கிறது. இங்கே எழுதுவது செம்மண்ணில், 10 மீட்டர் இடைவெளியில், ஏக்கருக்குச் சுமார் 40 மரம் நிற்கும் காய்ப்புத் தோப்புகளுக்குப் பொருந்தும். மரங்களை நெருக்கி நடும் அடர் நடவுக்குக் கணக்கு வேறு.

முதலில் சொட்டுநீர். சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம் இருப்பதால் குழாய் இல்லாத தோப்பு குறைந்துவிட்டது. ஆனால் பாதித் தோப்புகளில் டிரிப்பர் (தண்ணீர் சொட்டும் வாய்) இன்னும் அடிமரத்தை ஒட்டியே சொட்டுகிறது. கன்று நட்டபோது வைத்த இடம் அது. மரம் வளர்ந்த பின் தண்ணீர் உறிஞ்சும் சல்லிவேர் அங்கே அதிகம் இருக்காது. அடிமரம் ஈரமாகவே நின்று பட்டை அழுகுவதுதான் மிச்சம். அடிமரத்திலிருந்து 2 மீட்டர் தள்ளி வளையமாகச் சுற்ற வேண்டும். ஒரு மரத்துக்குப் பன்னிரண்டரை மீட்டர் குழாய் பிடிக்கும். 60 செ.மீ.க்கு ஒன்றாக, மணிக்கு 4 லிட்டர் தரும் இன்லைன் டிரிப்பர் (குழாய்க்குள்ளேயே பதிந்தது) என்றால் மரத்துக்கு 20 டிரிப்பர், மணிக்கு 80 லிட்டர். ஏக்கருக்கு மணிக்கு 3,200 லிட்டர். போர் (ஆழ்துளைக் கிணறு) அவ்வளவு தராவிட்டால் கேட் வால்வ் போட்டு இரண்டு பிரிவாக ஓட்டுங்கள். பிரஷர் குறைவாக ஒரே தடவையில் ஓட்டினால் மேட்டு வரிசை காயும், பள்ளத்து வரிசை ஊறும்.

எவ்வளவு தண்ணீர்? கிளைகள் 6 மீட்டர் விட்டத்துக்குப் படர்ந்த மரத்தின் நிழல் பரப்பு 28 சதுர மீட்டர். கோடையில் நாள் ஆவியாதல் 6 மி.மீ., மாவின் பயிர்க் குணகம் (அந்த ஆவியாதலில் பயிருக்குத் தேவைப்படும் பங்கு) 0.65 என்று வைத்தால் நாளுக்கு 109 லிட்டர் வருகிறது. மூடாக்கு போட்ட, அதாவது மரத்தடியைச் சருகால் மூடிய, மரத்துக்கு 80 லிட்டரில் காய் குறை இல்லாமல் பருக்கிறது. அதையும் தினம் ஒரு மணி நேரம் என்று கொடுப்பதைவிட, மூன்று நாளுக்கு ஒருமுறை மூன்று மணி நேரம் கொடுத்தால் ஈரம் ஆழம் போகும். சரளை மண் விதிவிலக்கு. அங்கே நீண்ட ஓட்டம் வேருக்குக் கீழே போய்விடும், ஒன்றுவிட்டு ஒருநாள்தான் சரி.

இந்தப் பகுதி போர் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். டிரிப்பர் அடைப்புக்கு முதல் காரணம் அதுதான், பாசி அல்ல. வெளியே வெள்ளைப் பொருக்கு தெரியும் முன்பே உள்ளே பாதை சுருங்கியிருக்கும். வரிசையின் முதல் டிரிப்பரிலும் கடைசி டிரிப்பரிலும் மூன்று நிமிடம் டம்ளர் வையுங்கள். 4 லிட்டர் டிரிப்பர் 200 மி.லி. தர வேண்டும். கடைசியில் 170-க்குக் கீழே போனால் அமிலக் கழுவல் தேவை.

அமில அளவைக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள், உங்கள் தண்ணீரிடம் கேளுங்கள். 10 லிட்டர் வாளியில் போர் தண்ணீர் எடுத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒவ்வொரு மில்லியாக விட்டு, பி.எச். தாள் (அமிலத்தன்மை காட்டும் தாள்) 4 காட்டும்வரை சேர்க்கவும். 8 மில்லி பிடித்தால் லிட்டருக்கு 0.8 மில்லி. மணிக்கு 3,200 லிட்டர் ஓடும் லைனுக்கு 15 நிமிடத்தில் வெஞ்சுரி (அமிலத்தை உறிஞ்சிப் பாசனக் குழாயில் கலக்கும் கருவி) வழியாக 640 மில்லி போக வேண்டும். கடைசி டிரிப்பரிலும் தாள் 4 காட்டியதும் மோட்டாரை நிறுத்தி 24 மணி நேரம் விட்டு, குழாய் முனையின் மூடியான எண்ட் கேப்பைத் திறந்து கழுவி விடவும். முதலில் வரும் தண்ணீர் மோர் போல இருக்கும், தெளியும்வரை ஓடட்டும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. பாசிக்குப் பிளீச்சிங் பவுடர் விடும் நாளில் அமிலத்தைத் தொடவே வேண்டாம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு.

அதே உப்பு மண்ணிலும் சேரும். ஈர வட்டத்தின் விளிம்பில் கோடையெல்லாம் உப்பு ஒதுங்கி நிற்கும். முதல் தூறல் அதை வேருக்குத் தள்ளிவிடும், இலை நுனி கருகும். "மழைதான் வந்துவிட்டதே" என்று மோட்டாரை நிறுத்துவது அப்போதைய பெரிய தவறு. லேசான முதல் மழையில் சொட்டுநீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூடாக்குதான் செலவுக்கு ஏற்ற பலன் தருவதில் முதல். ஆனால் அளவைப் பலரும் குறைத்துச் சொல்கிறார்கள். 28 சதுர மீட்டருக்கு 10 செ.மீ. கனம் என்றால் ஒரு மரத்துக்கே கிட்டத்தட்ட இரண்டே முக்கால் கன மீட்டர் சருகு வேண்டும். கேழ்வரகுத் தாள் மாட்டுக்குப் போய்விடும். வெளியிலிருந்து வாங்கிக் கட்டுப்படியாகாது. மரவரிசைக்கு நடுவில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு அல்லது 12 கிலோ சணப்பு விதைத்து, பூக்கும் தருணத்தில் வெட்டி மரத்தடியில் போடுவதும், கவாத்துக் கழிவை நறுக்கிப் போடுவதும்தான் வழி. மடக்கி உழுகிறேன் என்று மரத்தடிவரை டிராக்டர் விட்டால் சல்லிவேர் அறுந்துவிடும்.

மூடாக்கின் குறைகளும் உண்டு. அடிமரத்தைச் சுற்றி 30 செ.மீ. வெறுமையாக விடாவிட்டால் கரையான் பட்டையில் மண்பூச்சு கட்டும். எலி கூடு வைக்கும், லேட்டரலையும் (சொட்டுநீர்க் கிளைக்குழாய்) கடிக்கும். மார்ச்சில் சருகு தீப்பிடிக்க ஒரு பீடித் துண்டு போதும். பாதை ஓரத்தில் 3 மீட்டர் சருகில்லாமல் வையுங்கள். 5 மி.மீ. கோடை மழையைச் சருகே குடித்துவிடும், மண்ணுக்கு ஒன்றும் இறங்காது. அந்த மழையை நம்பிப் பாசனத்தைக் குறைக்க வேண்டாம். அல்போன்சா வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் லாபம்: சதைக்குள் பஞ்சுபோல் வெளுத்துப் போகும் கோளாறுக்குத் தரையிலிருந்து எழும் சூடும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது, மூடிய தரையில் அது குறைகிறது.

மழைநீரைத் தேக்கி மண்ணில் இறக்கும் மழைக்குழி: சரிவுக்குக் குறுக்கே, இரண்டு மரவரிசைக்கு நட்ட நடுவில், 3 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழம். ஒன்று 810 லிட்டர் பிடிக்கும். ஏக்கருக்கு 25 குழி என்றால் 20,000 லிட்டர். 1 செ.மீ. மழை என்பது ஏக்கருக்கு 40,000 லிட்டர் என்பதால் சாதாரண மழைக்கு இது போதும், பாதிக்குமேல் மண்ணே குடித்துக்கொள்ளும். 50 செ.மீ. மழை என்பது ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர். எந்தக் குழியும் தாங்காது. ஏரிக்குக் கலிங்கு (மிகை நீர் வழியும் வாய்) வைத்ததுபோல் வரப்புக்கும் வைக்க வேண்டும்: வரப்பு உயரத்திலிருந்து 15 செ.மீ. தாழ்வாக, 1 மீட்டர் அகலத்தில், கீழே கல் பாவி. கல் பாவாத கலிங்கு ஒரே இரவில் ஓடையாகிவிடும். வரப்பு உடைந்தால் தண்ணீரோடு மேல்மண்ணும் போகிறது.

இனி முக்கியமான விஷயம். மேலே சொன்ன எல்லாமே ஈரத்தைச் சேர்க்கும் ஏற்பாடு. மா பூக்க வேண்டுமானால் பூப்பதற்கு முன் இரண்டு மூன்று மாதம் மண் காய வேண்டும், இரவு குளிர வேண்டும். அக்டோபரிலிருந்து காய்ப்பு மரத்துக்குச் சொட்டுநீர் நிறுத்தம். மூடாக்கையும் ஒதுக்கிவிடுங்கள். ஏப்ரலில் உயிர் காத்த அதே சருகு நவம்பரில் ஈரத்தைப் பிடித்து வைத்து, பூவுக்குப் பதில் தளிர் வரவைக்கும். ஒதுக்கிய தரையில் பழ ஈக் கூட்டுப்புழுக்களும் வெயில் பட்டுச் சாகும். செப்டம்பரில் வரிசை நடுவில் கொள்ளு விதைத்திருந்தால் அது மண் ஈரத்தை உறிஞ்சி உதவும்; டிசம்பரில் அறுத்துவிடலாம். மழை வந்து நின்றால் குழிகளின் கீழ்வாயை வெட்டித் திறந்துவிடவும்.

இத்தனை செய்தும் டிசம்பர் மழையில் தளிர் வெடிக்கலாம். அப்போது எந்தக் கருவியும் அதைத் திருப்பாது. பிப்ரவரியிலும் பூக்காத மரத்துக்கு லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் தெளிக்கலாம், ஆனால் கொப்பு முற்றி இலை கரும்பச்சையாக இருந்தால் மட்டும். செந்தளிரில் தெளித்தால் காசு வீண். பாசனத்தைப் பூவில் தொடங்க வேண்டாம், பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகு பாதி அளவில் தொடங்கி ஏற்றுங்கள். காய்ந்த மரத்துக்கு ஒரேயடியாகத் தண்ணீர் கட்டினால் பிஞ்சு உதிரும்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரங்காட்டி நான்கு நிற விளக்கில் பதில் சொல்கிறது, தினசரி முடிவுக்கு அது போதும். கல் மண்ணில் கம்பி சரியாக ஒட்டாமல் பொய்யாகச் சிவப்பு காட்டும், இரண்டு மூன்று இடத்தில் குத்திப் பாருங்கள். ஏரி வண்டல் செம்மண்ணுக்கு நல்லது, ஆனால் 2, 3 செ.மீ.க்கு மேல் தனியாகக் கொட்டினால் காய்ந்து ஓடுபோல் மூடிக்கொண்டு மழையை உள்ளே விடாது. தொழுவுரத்தோடு கலந்து பரப்புங்கள். பிளாஸ்டிக் மூடாக்குத் தாள் கன்றுகளுக்குச் சரி. வளர்ந்த மரத்துக்கு வேண்டாம்: மழையைத் தடுக்கும், அக்டோபரில் உருவ முடியாமல் கிழியும், துண்டு பொறுக்கும் கூலி தாள் விலையைத் தாண்டும்.