பொதுப்பாடத்தை முதலில் முடிக்கச் சொன்ன ஆலோசகரால் நாங்கள் இழந்த ஓராண்டு

கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் இரண்டாண்டு படித்துவிட்டு, யூ.சி. எனப்படும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்றில் பொறியியலுக்கு மாற எண்ணும் பிள்ளைகளின் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். இயந்திரப் பொறியியல் படிக்க விரும்பிய என் மகள் 2022இல் இந்த வழியில் சேர்ந்தாள். அவ்வாண்டுப் பொங்கல் விழாவில் அறிமுகமான தனியார் ஆலோசகர் ஒருவர், பாடத் தேர்விலிருந்து விண்ணப்பம் வரை தாமே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி 1,800 டாலர் பெற்றுக்கொண்டார். கல்லூரியிலேயே உள்ள ஆலோசகரைப் பார்க்கக் கட்டணமே கிடையாது. ஆனால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. நம் ஊர்க்காரர்தானே என்று இவரை நம்பினோம்.

அப்போதிருந்த ஐஜெட்சி என்னும் பொதுப்பாடத் தொகுப்பை முதலாண்டிலேயே முடித்துவிட வேண்டும், கணக்கையும் இயற்பியலையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் வகுத்த திட்டம். கலைப் பாடங்களுக்கு மாறுகிறவர்களுக்கு அது பொருந்தலாம். பொறியியலிலோ பாடங்கள் ஒன்றைப் பிடித்து ஒன்று வருகின்றன: முதல் கால்குலஸ் (நுண்கணிதம்) முடிந்தால்தான் இரண்டாவது, அதன்பின் மூன்றாவது, பிறகு நேரியல் இயற்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடுகளும், கால்குலஸ் படித்திருந்தால்தான் இயற்பியலின் விசையியல் வகுப்பில் இடம், விசையியல் முடிந்தால்தான் ஸ்டாட்டிக்ஸ் என்னும் நிலையியல். ஒரு செமஸ்டர்கூட வீணாக்காமல் படித்தாலே இரண்டாண்டும் இதற்குச் சரியாக இருக்கும். கலை வரலாற்றிலும் சமூகவியலிலும் முதலாண்டைக் கழித்துவிட்ட பிள்ளைக்கு அதை எட்டிப்பிடிக்க வழியே இல்லை.

இதைவிடப் பெரிய கேடு இயற்பியலில் நேர்ந்தது. கால்குலஸ் வழியாகக் கற்பிக்கும் வகுப்பு ஒன்று, பெரும்பாலும் உயிரியல் மாணவர்களுக்கென்று கால்குலஸ் இல்லாமல் நடத்தும் வகுப்பு மற்றொன்று என இரண்டு வரிசைகள் இருப்பது எங்களுக்குத் தெரியாது. "இரண்டும் இயற்பியல்தானே" என்று அவர் எளிதானதில் சேர்க்கச் சொன்னார். மகள் ஏ கிரேடு வாங்கினாள்; பொறியியல் துறைக்கு அது கணக்கிலேயே வரவில்லை.

அவர் சொன்ன ஒரு வாக்கைக் கேட்டபோதே நான் விழித்திருக்க வேண்டும். யூ.சி.யின் பெர்க்லி வளாகத்தில், மாறிவரும் மாணவர்களுக்கு இடத்தை உறுதி செய்யும் 'டேக்' திட்டம் வழியாகச் சேர்க்கையை உறுதி செய்து தருவதாகச் சொன்னார். டேக் என்னும் அந்த உறுதி டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் மட்டுமே உண்டு, அங்கும் எல்லாத் துறைகளுக்கும் இல்லை. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றும் அதைத் தருவதே இல்லை. செப்டம்பர் மாதத்தில், ஒரே ஒரு வளாகத்துக்கு, மாணவரே விண்ணப்பிக்க வேண்டிய ஒன்றை இன்னொருவர் காசுக்கு வாங்கித் தருவது எப்படி?

எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த வளாகத்தின் எந்தத் துறைக்கு ஏற்கப்படும் என்பது அசிஸ்ட் என்னும் அதிகாரபூர்வ இணையதளத்தில் ஆண்டுவாரியாக, இலவசமாகவே கிடைக்கிறது. கல்லூரி, வளாகம், துறை மூன்றையும் தேர்ந்தெடுத்தால் பட்டியல் வந்துவிடும். பணம் கட்டுவதற்கு முன்பு அதைப் பாருங்கள். ஆலோசகர் தரும் திட்டத்தை அதனோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். நாங்கள் அதைத் திறந்து பார்த்தது, விண்ணப்பித்த எல்லா வளாகங்களும் 2024இல் மறுத்த பிறகுதான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, நாங்கள் படிக்காமல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 'கட்டணம் ஆலோசனைக்கு மட்டுமே' என்ற வரியைக் காட்டினார். பிறகு தொலைபேசியை எடுப்பதில்லை. மகள் மூன்றாம் ஆண்டாக அதே கல்லூரிக்குப் போய், கால்குலஸ் வழி இயற்பியலை முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறாள்.