அரை மில்லிமீட்டர் விலகல்: நான்கு வண்ண டி-ஷர்ட் பிரிண்டிங் மெஷினோடு மூன்று வருடம்

பழைய காலண்டர்களில் முருகனின் உதட்டுச் சிவப்பு தாடையில் விழுந்திருப்பதைப் பார்த்துச் சிறுவயதில் சிரித்திருக்கிறேன். திருப்பூரில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு டி-ஷர்ட் பிரிண்டிங் பழகத் தொடங்கிய முதல் மாதத்திலேயே அந்தச் சிரிப்புக்கு வட்டியோடு கட்ட வேண்டிவந்தது. மூன்று வண்ணத்தில் ஒரு மயில். கழுத்தின் நீலம் ஓரிடத்தில், அதைச் சுற்ற வேண்டிய கறுப்புக் கோடு வேறிடத்தில். நாற்பது டி-ஷர்ட்டில் பதினொன்று வீண்.

நான் வாங்கியது நான்கு கையும் நான்கு பலகையும் உள்ள சுழல் மெஷின். மைக்கேல் வாசிலன்டோன் என்ற அமெரிக்கர் 1969இல் காப்புரிமை பெற்ற சுழல் அமைப்பின் வழிவந்த வகை. என்னுடையது உள்ளூர்ப் பட்டறையில் பற்றவைத்தது. ஒவ்வொரு கையிலும் மெல்லிய வலையை (மெஷ்) இழுத்துக் கட்டிய ஒரு பிரேம், ஒரு வண்ணம். வலையில் படம் திறந்திருக்கும் இடத்தில் மட்டும் மை கீழே உள்ள துணியில் இறங்கும். பலகையில் டி-ஷர்ட்டை ஒட்டிவிட்டால், கடைசி வண்ணம் விழும்வரை அதை எடுக்கக் கூடாது. கேட்பதற்கு எளிது. விலை குறைந்த மெஷின் என்பதால் பிரேமை நுணுக்கமாக நகர்த்தும் திருகுகள் இதில் இல்லை. கவ்வியைத் தளர்த்தி, பிரேமை விரலால் தட்டி நகர்த்தி, மறுபடி முடுக்க வேண்டும். முடுக்கும்போதே பிரேம் கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக முடுக்கினால் அந்தத் திருப்பம் குறையும் என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

ஆகவே வண்ணம் விலகியபோதெல்லாம் மெஷினைத்தான் திட்டினேன். எட்டு மாதம் திட்டினேன். பட்டறைக்காரரை இரண்டு முறை வரவழைத்துச் சண்டையும் போட்டேன். பிறகு, முப்பது வருடமாக டேபிள் பிரிண்டிங் செய்யும் பெரியவர் ஒருவர் கொட்டகைக்கு வந்தார். மெஷின் பக்கமே அவர் போகவில்லை.

“பிலிம்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாயா, கண்ணு?” என்றார்.

பார்க்கவில்லை. பிலிம் என்பது ஒவ்வொரு வண்ணத்தின் படத்தையும் தனித்தனியாகக் கறுப்பில் அச்சிட்ட ஒளி ஊடுருவும் தாள்; அதை வைத்துத்தான் பிரேமில் படம் ஏற்றுகிறோம். ஜன்னல் கண்ணாடியில் நீலத்தின் பிலிமையும் கறுப்பின் பிலிமையும் சேர்த்து ஒட்டினோம். பொருத்தம் பார்க்கப் போடும் கூட்டல் குறிகளில் மேலே உள்ளவை ஒன்றாகவே பொருந்தின. கீழே உள்ளவை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றன. நான் பிலிம் எடுத்தது சாதாரண லேசர் பிரிண்டரில். அதன் சூட்டில் பிலிம் சுருங்கும்; எல்லாத் தாளும் ஒரே அளவு சுருங்குவதில்லை. நீலத்தை ஒரு நாளும் கறுப்பை இன்னொரு நாளும் எடுத்திருந்தேன். பிலிமிலேயே பொருந்தாததை எந்த மெஷினில் தட்டிப் பொருத்துவது? இப்போது ஒரு வேலைக்குரிய பிலிம்கள் அனைத்தையும் ஒரே நேரத்தில், ஒரே பிரிண்டரில், தாளை ஒரே திசையில் வைத்து எடுக்கிறேன். ஜன்னலில் ஒட்டிப் பார்க்காமல் எதையும் எக்ஸ்போஸ் செய்வதில்லை, அதாவது ஒளி காட்டிப் பிரேமில் ஏற்றுவதில்லை.

அன்று அவர் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு அதிகம் பயன்பட்டது, விலகலைப் படிக்கும் முறை. படம் முழுவதும் ஒரே அளவில் ஒரே பக்கம் தள்ளியிருந்தால் பிரேமை நகர்த்தினால் போதும். ஒரு மூலை சரியாக நின்று எதிர்மூலை சுற்றிக்கொண்டால் பிரேம் திரும்பியிருக்கிறது. மேலே பொருந்திக் கீழே பொருந்தாவிட்டால் நகர்த்துவது வீண் வேலை. பிலிமிலோ மெஷ்ஷிலோதான் கோளாறு. முதல் டி-ஷர்ட் சரி, இரண்டாவது இடப்பக்கம், மூன்றாவது வலப்பக்கம் என்று ஆளுக்கொரு மாதிரி விலகினால் துணி நகர்கிறது, அல்லது கை ஆடுகிறது. இது தெரியாமல் எட்டு மாதம் எல்லா நோய்க்கும் ஒரே மருந்தாகக் கவ்வியைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மெஷ் விஷயம் எனக்குத் தாமதமாகவே புரிந்தது. கைச்செலவைக் குறைக்க மரப் பிரேம் வைத்திருந்தேன். பத்துத் தடவை கழுவியதும் மரம் தண்ணீர் குடித்து முறுக்கிக்கொண்டது, மெஷ் தொய்ந்தது. தொய்ந்த மெஷ்ஷை, மையைத் தள்ளும் ரப்பர் பட்டையான ஸ்குவீஜி தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு இழுக்கும். காலையில் ஒரு அழுத்தம், மாலையில் கை ஓய்ந்தபின் இன்னொரு அழுத்தம். படமும் அதற்கேற்ப நகர்ந்தது. பிரேமுக்கும் துணிக்கும் நடுவே விடும் இடைவெளியையும் தாராளமாக ஐந்து, ஆறு மில்லிமீட்டர் வைத்திருந்தேன். மெஷ் அவ்வளவு தூரம் கீழே வளைந்து வந்தால் படம் நீளத்தான் செய்யும். இப்போது அலுமினியப் பிரேம், 2 மி.மீ. அட்டைத் துண்டு வைத்து அளந்த இடைவெளி. ஒரே வேலையின் பிரேம்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே இழுவிசையில் கட்டச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்தில் நான் செய்த செலவுகளில் வருந்தாத செலவு அந்த அலுமினியம்.

இவ்வளவும் சரிசெய்த பிறகும் கறுப்பு டி-ஷர்ட்டில் மட்டும் தொல்லை நீங்கவில்லை. கறுப்புத் துணியில் முதலில் வெள்ளை அடித்து, ஃபிளாஷ் ஹீட்டரில் காயவைத்து, அதன்மேல் மற்ற வண்ணங்களை ஏற்ற வேண்டும். வெள்ளையின் ஓரம் சிவப்புக்கு வெளியே மெல்லிய கோடாக எட்டிப் பார்த்தது. பெரியவரைக் கேட்டேன். அவருக்கும் பிடிபடவில்லை. காரணம் பிறகு விளங்கியது: அவருடைய நீண்ட மேஜையில் முதல் வண்ணத்தைக் கடைசிப் பீஸ்வரை அடித்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் தண்ணீர் கலந்த மை தானாகவே காய்ந்துவிடும். நடுவில் அவர் துணிக்குச் சூடு காட்டுவதே இல்லை. நான் அடிப்பதோ பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் கலந்த மை. சூடு காட்டாமல் அது காயாது.

ஒரு வெள்ளை டி-ஷர்ட்டில் பேனாவால் 30 செ.மீ. கோடு போட்டு ஹீட்டருக்கு அடியில் வைத்தேன். வெளியே வந்தபோது கோடு 2 மி.மீ. குறைந்திருந்தது. பருத்தி சிங்கிள் ஜெர்சி என்ற மெல்லிய பின்னல் துணி அது, அதிலிருந்த ஈரம் போனதும் சுருங்கிவிட்டது. முதல் வண்ணம் விழுந்தது ஒரு துணியில், இரண்டாவது விழுந்தது அதைவிடச் சிறிய துணியில்! இப்போது டி-ஷர்ட்டைப் பலகையில் ஒட்டியதும் மை படுவதற்கு முன்பே சில நொடி சூடு காட்டிவிடுகிறேன். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும். பலகையின் பசையையும் அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். இருபது டி-ஷர்ட்டுக்குப் பின் பஞ்சு படிந்து பிடிப்புப் போய்விடுகிறது.

டிசைன் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு வண்ணங்கள் கத்தியால் வெட்டியதுபோல ஓரத்தோடு ஓரம் தொட்டு நிற்கும் படத்தைப் புதிதாகப் பழகுபவர்கள் எடுக்க வேண்டாம். வெளிர் வண்ணத்தைக் கறுப்புக்கு அடியில் ஒரு பாயிண்ட், அதாவது சுமார் 0.35 மி.மீ., ஓடவிடுங்கள். அடிவெள்ளையை அதே அளவு உள்ளே ஒடுக்குங்கள். கறுப்பைக் கடைசியில் அடியுங்கள். அந்த மயிலை இப்படித் திருத்தி மறுபடி அடித்தபோது மெஷின் முன்பு போலத்தான் ஆடியது, ஆனால் வாங்க வந்த பெண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. இதை ஏமாற்று என்று நினைத்து முதலில் கூச்சப்பட்டேன். காலண்டர் அச்சிடுபவர்களும் இதைத்தான் செய்கிறார்கள் என்று அறிந்ததும் கூச்சம் போய்விட்டது.

மெஷினுக்கு வருகிறேன். இரண்டாம் வருடத்தில் நடுத்தண்டின் பேரிங் தேய்ந்து மாற்றினேன். கைகளுக்கு நுண்திருகு வைத்த கவ்விகளைத் தனியாக வாங்கிப் பொருத்தினேன். முன்பு முக்கால் மணி நேரம் எடுத்த மூன்று வண்ணப் பொருத்தம் இப்போது பதினைந்து நிமிடம். முதலிலேயே அவை உள்ள மெஷினாக வாங்கியிருந்தால் மொத்தச் செலவு குறைந்திருக்கும். ஒற்றை, இரட்டை வண்ணம் மட்டும் அடிப்பவர்களுக்கு இந்த மலிவு மெஷின் போதும்.

நான்கு பலகை என்பது மட்டும் எனக்கு ஏட்டுச் சுரைக்காய். முதல் பலகையில் பொருத்திய வண்ணம் நான்கிலும் பொருந்த வேண்டுமானால் நான்கும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். என்னுடையதில் மூன்றாவது பலகை முனையில் தொங்குகிறது. அடியில் தகடு வைத்தும் ஒரு வாரத்துக்குமேல் நிற்பதில்லை. அதில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். கபடிக் குழுக்காரர்கள் ஒற்றை வண்ணத்தில் எண் அடிக்கக் கேட்டு வரும்போது மட்டும் அதற்கு வேலை.