தண்டையார்பேட்டை மாடியில் காரோ-கான்: ஒரு ஞாயிற்றுக்கிழமை செஸ் வகுப்பு

பெயர்ப்பலகை கிடையாது, மேப்பில் தேடினாலும் வராது. தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கி, கேரம் ஆடுகிற எந்தப் பையனிடமாவது "செஸ் மாஸ்டர் மாடி எது?" என்று கேட்டால் கைகாட்டுவான். வாரநாளில் அங்கே கேரம். ஞாயிறு காலை மட்டும் அந்தப் பலகைகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு செஸ். நம்ம பக்கத்தில் கேரமுக்குத்தான் மவுசு. 2024ல் அமெரிக்கா போய் உலகப் பட்டம் அடித்த காசிமா வடசென்னைப் பொண்ணுதான். செஸ் என்றால் மட்டும் ஜனங்கள் பிள்ளையை இழுத்துக்கொண்டு முகப்பேர், அண்ணா நகர் என்று பஸ் ஏறுகிறார்கள். இங்கேயே ஒன்று இருக்கிறது என்று சொல்லத்தான் இந்த விமர்சனம்.

எனக்கு எம்.சி. ரோட்டில் ரெடிமேட் கடை. நாற்பதைத் தாண்டியாகிவிட்டது. மொபைலில் ஆடுவேன், எப்போதாவது ஞாயிறு போட்டிக்குப் போவேன். கறுப்புக் காய் வந்தால் ஆட உருப்படியாக ஒரு தற்காப்பு வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தபோது ஒரு வாடிக்கையாளர் சொன்னார். மூன்று மாத வகுப்பு, மாதம் 800 ரூபாய். பாடம் ஒன்றே ஒன்று: வெள்ளை, ராஜா முன்னால் நிற்கிற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி ஈ4 ஆடினால், கறுப்புக்குக் காரோ-கான் தற்காப்பு.

மாஸ்டர் ரயில்வேயில் ரிடையர் ஆனவர். பட்டம் கிட்டம் எதுவும் இல்லை. முதல் நாளே ஒரு காலேஜ் பையன், "சிசிலியன் தற்காப்பு சொல்லிக் குடுங்க மாஸ்டர்" என்றான். "அது தெனம் ரெண்டு மணி நேரம் ஒக்காந்து படிக்கிறவனுக்குப்பா. வேலவெட்டி இருக்கிறவனுக்கு இதான்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

காரணத்தையும் சொன்னார். 1.ஈ4 சி6 2.டி4 டி5 (ஒவ்வொரு எண்ணிலும் முதலில் வெள்ளை, அடுத்து கறுப்பு). பிரெஞ்சுத் தற்காப்பில் ஈ6 தள்ளியதும் சி8ல் நிற்கிற பிஷப் தன் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுப் போகும். இதில் அதை எஃப்5க்கு வெளியே எடுத்துவிட்டு, அப்புறம் ஈ6 தள்ளலாம். விலையும் உண்டு. குதிரை வந்து நிற்க வேண்டிய சி6ஐச் சிப்பாய் பிடித்துக்கொள்கிறது. பின்னால் சி5 தள்ளினால் ஒரே சிப்பாய்க்கு இரண்டு மூவ் செலவு. நல்லதை மட்டும் சொல்லி விற்கிற ஆள் இல்லை என்று அப்போதே தெரிந்தது. காரோ, கான் என்ற இருவர் 1886ல் அலசி எழுதியது, போட்வின்னிக், பெட்ரோசியான், கார்போவ் என்ற உலக சாம்பியன்கள் எல்லாம் ஆடியது என்று சரித்திரத்தை இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

அவர் பாடம் நடத்துகிற விதத்துக்கு ஒரு உதாரணம். 3.ஈ5 பிஷப் எஃப்5, 4.எச்4. முன்னாள் உலக சாம்பியன் தால் ஆடிய வழி. பலகையில் வைத்துவிட்டு "இப்ப கறுப்பு என்ன பண்ணும்?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்க ஆரம்பித்தார். பாதிப் பேர் ஈ6 என்றார்கள். அவர் ஒன்றும் பேசாமல் ஜி4 தள்ளினார். பிஷப் ஈ4க்கு ஓடியது, எஃப்3. ஜி6க்குத் திரும்பியது, எச்5. இனி அந்த பிஷப்புக்குப் போக்கிடமே இல்லை. நாலாவது மூவிலேயே எச்5 அல்லது எச்6 ஆடியிருந்தால் தப்பித்திருக்கும். "வரிசைய மனப்பாடம் பண்ணாத. பிஷப்புக்குத் திரும்ப வழி இருக்கான்னு மட்டும் பாரு" என்றார். அதன் பிறகு பத்து வயது வாண்டுகூட அங்கே ஈ6 ஆடவில்லை.

இன்னொரு பொறி. 3.குதிரை சி3, கறுப்பு ஈ4 சிப்பாயை வெட்ட, வெள்ளைக் குதிரை திருப்பி வெட்டி ஈ4ல் நிற்க, கறுப்பு 4...குதிரை டி7. இப்போது வெள்ளை ராணி ஈ2க்கு வந்து சாதுவாக நிற்கும். கறுப்பு அசந்துபோய் அடுத்த குதிரையை எஃப்6ல் வைத்தால், டி6ல் குதிரை, செக்மேட். ஈ7 சிப்பாய் அதை வெட்ட முடியாது. நகர்ந்தால் ராணிக்கு எதிரே ராஜா. இதே டி7 வரிசையில்தான் 1997ல் காஸ்பரோவ் டீப் ப்ளூ கம்ப்யூட்டரிடம் கடைசி ஆட்டத்தை 19 மூவில் விட்டார். பிஷப்பை டி6க்குக் கொண்டுவராமல் அவசரப்பட்டு எச்6 தள்ளினார், குதிரை ஈ6ல் பாய்ந்து வெட்டியது. அதைப் போட்டுக் காட்டியபோது வகுப்பில் மூச்சு சத்தம் இல்லை.

ஆனால் கொடுத்த காசுக்கு ஈடு இதெல்லாம் இல்லை. பொறி காட்டும் வீடியோ இணையத்தில் மலிந்து கிடக்கிறது. நம்ம லெவலில் எதிராளி பாதி நேரம் சும்மா 3.ஈxடி5 என்று வெட்டிவிட்டு, பிஷப்பை டி3லும் சிப்பாயை சி3லும் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவான். அங்கே என்ன செய்வது என்று பெரிய பெயருள்ள ஒரு ஆன்லைன் கோர்ஸில் தேடினேன். "கறுப்புக்குச் சமநிலை" என்று முடித்துவிட்டார்கள். சமநிலையை வைத்து நான் என்ன செய்ய? மாஸ்டர் இதற்கு ஒரு மாதம் முழுக்க ஒதுக்கினார். சி6 சிப்பாயால் திருப்பி வெட்டியதால் சி வரிசை கறுப்புக்குத் திறந்திருக்கிறது. யானையை பி8ல் வை, பி சிப்பாயை பி5, பி4 என்று தள்ளு. நம் இரண்டு சிப்பாய் போய் அவனுடைய மூன்று சிப்பாயை முட்டும். சி3ல் வெட்டு நடந்தால், அங்கே மிஞ்சும் சிப்பாய்க்குப் பக்கத்துணை போய்விடும். யானைகளை சி வரிசையில் நிறுத்தி அதையே குறிவைக்கலாம். அந்த நிலையை மட்டும் வைத்து எங்களை மாற்றி மாற்றி ஆட விட்டார். இப்போது யாராவது சிப்பாயை வெட்டினால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

குறைகளும் உண்டு. செஸ் கடிகாரம் போதாது. பெரியவர்கள் போனில் நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். பானோவ் தாக்குதலை, அதாவது வெட்டிய பிறகு சி4 தள்ளுவதை, கடைசி வாரத்தில் அவசர அவசரமாக ஓட்டினார். அது போதவே போதாது. கையெழுத்தில் எழுதி ஜெராக்ஸ் எடுத்த தாள்தான் பாடக்குறிப்பு. ஜி எது, ஒன்பது எது என்று பக்கத்துப் பையனைக் கேட்டுக்கொள்ளணும். பத்து மணிக்கு மேல் கேரம் பசங்க வந்து கதவைத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். மே மாதம் அந்த ஷீட் கூரைக்குக் கீழே உட்கார்வது தனிக் கதை.

ரேட்டிங் 1800க்கு மேல் இருப்பவர்களுக்கு இது வேண்டாம். பிள்ளையை கிராண்ட்மாஸ்டர் ஆக்கியே தீருவேன் என்கிற பெற்றோருக்கும் வேண்டாம், மாஸ்டரே திருப்பி அனுப்பிவிடுவார். காய் நகர்த்தத் தெரியும், கறுப்பு வந்தால்தான் கை உதறுகிறது என்பவர்கள் தாராளமாகச் சேரலாம். பெண் பிள்ளைகள் நாலைந்து பேர் வருகிறார்கள், கூட வரும் அம்மாக்களுக்கு நாற்காலியும் உண்டு.

வெள்ளை முதல் மூவிலேயே ஈ4க்குப் பதில் டி4 ஆடினால் என்ன செய்வது என்று கேட்டால், "தை பொறக்கட்டும்" என்கிறார். அதற்கும் 800 ரூபாய்தானாம். பெயர் கொடுத்துவிட்டேன்.