பிறை பார்க்க வாங்கிய 10×50 பைனாகுலர்: ஒன்றரை வருட அனுபவம்

பிறை பார்க்கத்தான் வாங்கினேன். ரமளானுக்கு முந்திய மாதமான ஷஃபானின் 29 அன்று மஃரிப் தொழுகைக்கு முன்னாலேயே நானும் மச்சானும் தக்கலையிலிருந்து தேங்காய்ப்பட்டணம் கடற்கரைக்குப் போய் மேற்கே பார்த்து நிற்பது பல வருடப் பழக்கம். ஒருவர் "அதோ" என்பார், இன்னொருவர் "எங்கே" என்பார், அதற்குள் மேகம் மூடிவிடும். சரி, இந்த முறை ஒரு பைனாகுலர் இருக்கட்டும் என்று ஆன்லைனில் வாங்கினேன், விலை ஒன்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. கம்பெனி பெயரை எழுதவில்லை, நல்ல கம்பெனி எதுவாக இருந்தாலும் இந்த 10×50 போரோ ரகம் (கண் வைக்கும் குழாயும் முன் லென்ஸும் ஒரே கோட்டில் இல்லாத பழைய வடிவம்) ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

10 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 50 என்பது முன் லென்ஸின் மில்லிமீட்டர். 20×50 வாங்காதீர்கள். கையில் பிடித்தால் படம் நடுங்கும், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையும் 5 மில்லிமீட்டரிலிருந்து 2.5 ஆகக் குறைந்துவிடும். என்னுடையதில் ஒரே பார்வையில் ஆறரை டிகிரி வானம் தெரிகிறது, அதாவது பதின்மூன்று நிலாவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அகலம், பிறையைத் தேட அது பெரிய வசதி. பைனாகுலரில் பார்த்தது செல்லுமா, வெறும் கண்ணால்தான் பார்க்க வேண்டுமா என்பது மார்க்க அறிஞர்களான உலமாக்கள் பேச வேண்டிய விஷயம். நான் இதில் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு அப்புறம் வெறும் கண்ணால் பார்க்கிறேன். ஒன்று மட்டும் கண்டிப்பு, சூரியன் முழுக்க மறைந்த பிறகுதான் கையில் எடுக்க வேண்டும், இல்லையென்றால் கண் போய்விடும்.

மூன்றாம் பிறை அன்று மொட்டைமாடியில் உம்மாவிடம் கொடுத்தேன். "முழு நிலாவும் உள்ளே இருக்கே மக்கா" என்றார். பூமியில் பட்ட வெயில் திரும்பிப் போய் நிலாவின் இருட்டுப் பக்கத்தில் விழுவதால் அப்படி மங்கலாகத் தெரியும் என்று சொன்னேன். உம்மா பதில் சொல்லவில்லை, பைனாகுலரைக் கீழே இறக்கவும் இல்லை, சுப்ஹானல்லாஹ், சுப்ஹானல்லாஹ் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

எனக்கு அந்த மாதிரி நேரம் வந்தது ஒரு ஜனவரி இரவில். குர்ஆனின் நஜ்ம் சூராவை, அதாவது நஜ்ம் அத்தியாயத்தை, சின்ன வயதில் மதரஸாவில் ஓதியதிலிருந்து எத்தனை தடவை ஓதியிருப்பேன், அதன் 49வது வசனத்தில் அல்லாஹ்தான் ஷிஃராவின் இறைவன் என்று வருகிறது, அந்தச் சொல் வாயில் வந்து போகும், அவ்வளவுதான். ஷிஃரா என்பது சிரியஸ், இரவு வானத்திலேயே அதிகம் ஒளிரும் நட்சத்திரம் என்று முப்பது வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஓரியன் என்ற வேடன் வடிவ நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களைக் கோடு போல இழுத்துக்கொண்டு கீழே வந்தால் அங்கே நிற்கிறது. பைனாகுலரில் வெள்ளையும் நீலமுமாக, நடுநடுவே ஒரு சிவப்புப் பொறியும் சேர்ந்து, கொதிப்பது போல இருந்தது. 8.6 ஒளியாண்டு தூரம், அதாவது நான் பார்த்த அந்த ஒளி கிளம்பும்போது என் சின்ன மகள் பிறந்திருக்கவில்லை. அரபுகளில் சிலர் அந்த நட்சத்திரத்தையே வணங்கினார்கள் என்று குர்ஆன் விரிவுரைகளில் சொல்வார்கள். பார்த்த பிறகு அவர்கள் ஏன் குனிந்தார்கள் என்பதும் புரிந்தது, இதற்கும் ஒரு இறைவன் இருக்கிறான் என்று அந்த வசனம் ஏன் பெயர் சொல்லிச் சொல்கிறது என்பதும் புரிந்தது. அடுத்த நாள் ஓதும்போது அந்த இடத்தில் குரல் நின்றுவிட்டது.

முல்க் சூராவில் வானத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்லியிருக்கிறது, குறை தேடிப் போகும் பார்வை களைத்துத்தான் திரும்பும் என்று. இந்தப் பைனாகுலரைப் பயன்படுத்தும் முறையும் அதுதான் என்பேன். ஓரியனின் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே ஒரு மங்கல் புள்ளி உண்டு, முதலில் பார்த்தால் லேசான புகை, அசையாமல் பத்து நிமிடம் பார்த்தால் இரண்டு பக்கமும் சிறகு மாதிரி விரியும். நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் இடம் அது. போட்டோவில் வரும் ரோஜா நிறத்தை எதிர்பார்க்காதீர்கள், மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது, சாம்பல்தான். பக்கத்து நட்சத்திர மண்டலமான ஆண்ட்ரோமீடாவும் அப்படித்தான், நவம்பரில் பார்த்தபோது பெரிய மகள் "இவ்வளவுதானா வாப்பா" என்றாள். அந்த அழுக்குத் திட்டு 25 லட்சம் ஒளியாண்டு தூரம் என்றும், அதை அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி என்ற பாரசீக வானியல் அறிஞர் வெறும் கண்ணால் பார்த்து 964ஆம் ஆண்டிலேயே சின்ன மேகம் என்று எழுதி வைத்திருக்கிறார் என்றும் சொன்னதும் மறுபடி வாங்கிப் பார்த்தாள்.

குறைகளும் உண்டு. கிட்டத்தட்ட 900 கிராம், ஐந்து நிமிடத்தில் கை வலிக்கும், பாயில் மல்லாந்து படுத்துப் பார்ப்பதுதான் நல்லது. வலது கண் பக்கம் ஃபோகஸ் திருகும் வளையம் ஆறாவது மாதம் தளர்ந்துவிட்டது, சர்வீஸுக்கு அனுப்பித் திரும்பி வர மூன்று வாரம். வியாழனின் நான்கு நிலாக்கள் பொட்டுப் பொட்டாகத் தெரியும், சனியின் வளையம் தெரியாது. நம் ஊர் உப்புக் காற்றிலும் இரண்டு மழைக்காலத்திலும் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். கடற்கரையில் துறைமுக விளக்கு வெளிச்சம் தொந்தரவு, அணைக்கட்டுப் பக்கம் பேச்சிப்பாறை நல்ல இருட்டு.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். பூமத்திய ரேகைக்கு எட்டு டிகிரிதான் வடக்கே இருக்கிறோம், டெல்லிக்காரர்களுக்கு அடிவானத்தோடு ஒட்டிக் கிடக்கும் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து நமக்கு நல்ல உயரத்தில் வரும். போன நோன்பில் விடியலுக்கு முந்தைய ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்து தெற்கே திருப்பிப் பார்த்தேன். கிள்ளிப் போட்ட பஞ்சு மாதிரி ஒரு உருண்டை, அதற்குள் ஒரு கோடி நட்சத்திரம். நான் தண்ணீர் குடிக்க மறந்துவிட்டேன், அதற்குள் பாங்கு சொல்லிவிட்டார்கள், அன்று முழுக்க தாகமாகவே இருந்தது, ஆனாலும் நிறைவான நோன்பு.

பக்கத்து வீட்டு சார் ஓய்வுபெற்ற ஆசிரியர். நான் ஸுஹைல் என்று காட்டிய நட்சத்திரத்தை அவர் அகத்தியர் என்றார், வெகுநேரம் பார்த்துவிட்டுக் கைகூப்பினார். இந்த ஷஃபான் 29க்கு அவரும் எங்களோடு கடற்கரைக்கு வருகிறார்.