மரத்தொழிலுக்கு நுண்கடன்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

நுண்கடன் வாங்கி ஒரு சின்ன மரத்தொழிலை வளர்க்க முடியுமா என்று கேட்டால், முடியும். ஆனால் அந்தப் பணத்தை எந்தச் சரக்கில் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தவணை அடுத்த வாரமோ அடுத்த மாதமோ தொடங்கிவிடும். பச்சை மரம் காய்வதற்கோ மாதக்கணக்கில் ஆகும். கெட்டி மரமென்றால் ஓர் அங்குலக் கனப் பலகைக்கே ஒரு வருடம் வரை இழுக்கும். கடனில் மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டுகிறார்கள். கடன் பணம் முழுவதையும் நல்ல தடிகளில், அதாவது அறுக்காத உருட்டு மரத்தில் போட்டு, அறுத்து அடுக்கிவிடுகிறார்கள். அது காய்வதற்குள் நாலைந்து தவணை வந்து நிற்கும். பாதி ஈரத்தோடு, கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதாகிறது.

இந்தத் தவணை முறை மரத்துக்காக வந்ததே அல்ல. முகம்மது யூனுஸ் 1976இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் தொடங்கி, 1983இல் கிராமீன் வங்கியாக வளர்ந்த திட்டம், சிறு சிறு வாரத் தவணைகளை நம்பி நடந்தது. தினமும் காசு புரளும் வியாபாரத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். கொல்கத்தாவில் கடன் வாங்கியவர்களிடம் நடத்தி 2013இல் வெளியான ஓர் ஆய்வு நமக்கு முக்கியமானது. முதல் தவணைக்கு இரண்டு வாரத்துக்குப் பதில் இரண்டு மாதம் அவகாசம் கொடுத்தபோது, தொழிலில் போட்ட முதலும் பிற்பாடு வந்த லாபமும் கூடின; கட்டத் தவறியவர்களும் கூடினார்கள். அவகாசம் தரும் நிறுவனம் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் அந்த இரண்டு மாதப் பணத்தைச் செலவுக்கு எடுத்தால் மூன்றாம் மாதமே சிக்கல்.

முதல் கடனை வேகமாகக் கைமாறும் சரக்கில் மட்டும் போடுங்கள். சாரம் கட்டும் சவுக்குக் கழி, யூகலிப்டஸ் கழி, பேக்கிங் பெட்டிப் பலகை, அளவு சொல்லி ஆர்டர் வந்தபின் அறுக்கும் ரீப்பர், சட்டம் ஆகியவை நன்றாகக் காயும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உள்ளூர்ப் பெட்டிக்குப் பிரச்சினை இல்லை. வெளிநாட்டுக்குப் போகும் பெட்டியென்றால் மரத்தோடு பூச்சி நாடு விட்டு நாடு பரவாமல் தடுக்கும் ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதி இருக்கிறது: மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு ஏறி, தொடர்ந்து 30 நிமிடம் நிற்க வேண்டும். அந்த வசதி இல்லாமல் ஏற்றுமதி ஆர்டரை ஒத்துக்கொள்ளக் கூடாது.

கையில் வந்த கடன் 100 பங்கு என்றால், 60 பங்கு உருட்டு மரத்துக்கு, 20 பங்கு வண்டி, ஏற்றுக்கூலி, அறுவைக்கூலிக்கு. மீதி 20 பங்கைத் தொடக் கூடாது. 12 மாதக் கடனில் அது ஏறத்தாழ இரண்டு மாதத் தவணை. மில்லில் மின்வெட்டு, மழையில் வண்டி இறங்க முடியாத தோப்பு, பணம் இழுத்தடிக்கும் மேஸ்திரி என்று ஏதாவது ஒன்று வரும்போது அந்தப் பணம்தான் காப்பாற்றும்.

வாங்கும் இடத்தில் அளவு தெரியாமல் நிற்பவர் அங்கேயே தோற்றுவிடுவார். பரவலாகப் புழங்கும் ஹாப்பஸ் முறையில், தடியின் நடுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து 4ஆல் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தை அடியில் பெருக்கி, 144ஆல் வகுக்க வேண்டும். 48 அங்குலச் சுற்று, 10 அடி நீளத் தடிக்கு 12 × 12 × 10 ÷ 144, அதாவது 10 கன அடி. டேப்பைத் தளரவிட்டு 49 என்று எழுதினால் 10.4 கன அடி ஆகிவிடும். ஓர் அங்குலத்தில் 4 சதவீதம் போய்விட்டது. பட்டையோடு அளப்பதா, உரித்து அளப்பதா என்பதையும் விலை பேசுவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தடியின் உண்மையான கன அளவு 12.7 கன அடி. ஹாப்பஸ் அதில் 78.5 சதவீதத்தைத்தான் காட்டும். வாங்குபவருக்கு இலவசமாகக் கிடைத்தது போலத் தோன்றும், ஆனால் அறுவையில் அதைவிட அதிகமாகக் கழியும். நேரான தடியில் உண்மைக் கன அளவில் 55 சதவீதம் பலகையாகத் தேறினால் 7 கன அடி. ஆக, 1 கன அடி அறுத்த மரத்துக்கு 1.43 கன அடி உருட்டின் விலை அடங்கியிருக்கிறது. கோணலும் கணுவுமான தடியில் 45 சதவீதம்தான் தேறும் என்றால் அது 1.75. இதன்மேல்தான் வண்டிக்கூலி, அறுவைக்கூலி, வட்டி எல்லாம் ஏறும். விலை சொல்வதற்கு முன் இந்த எண்ணைப் போட்டுப் பார்க்காதவர்கள், விற்ற பிறகுதான் நஷ்டத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

ரம்பத்தையும் கவனியுங்கள். 6 மி.மீ. வெட்டு விழும் வட்ட ரம்பத்தில் 25 மி.மீ. பலகை அறுத்தால், ஒவ்வொரு பலகைக்கும் 19 சதவீதம் தூளாகப் போகும். 2.5 மி.மீ. வெட்டு விழும் பேண்ட்சாவில், அதாவது பட்டை ரம்பத்தில், 9 சதவீதம். மில்லுக்கு மில் கூலியை மட்டும் ஒப்பிட்டால் இது கண்ணில் படாது.

தடியின் இரண்டு முனையையும் பாருங்கள். கோடாரியின் பின்பக்கத்தால் தட்டி, பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே பொந்து. வீட்டோரம், வேலியோரம் நின்ற மரத்தில் ஆணியும் கம்பியும் புதைந்திருக்கும். டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகமுள்ள மரங்களில் இரும்பு இருக்கும் இடத்தைச் சுற்றி நீலக்கறுப்புக் கறை படியும். முனையில் அந்தக் கறையைக் கண்டால் மில்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வெட்டும் அனுமதியும் ஏற்றிச்செல்லும் சீட்டும் கையில் இல்லாத மரம் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். பிடிபட்டால் சரக்கும் போகும், தவணையும் நிற்காது.

காயவைத்து விற்கும் சரக்கில்தான் உண்மையான லாபம். அதைக் கடன் பணத்தில் தொடங்கக் கூடாது. வேகச் சரக்கில் மிஞ்சிய சொந்தப் பணத்தில் மாதம் ஒரு சின்ன அடுக்காகச் சேர்க்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு மாதம் இப்படிப் போனால், முதல் கடன் முடியும் நேரத்தில் காய்ந்த பலகை விற்பனைக்குத் தயாராக இருக்கும்.

அடுக்குவது எளிய வேலைதான், ஆனால் சோம்பல் பட்டால் மொத்தமும் வீண். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் சமமான மேடை போடுங்கள். பலகைகளுக்கிடையில் 25 மி.மீ. சதுரக் காய்ந்த குச்சிகளை 45 முதல் 60 செ.மீ. இடைவெளியில் வையுங்கள். ஒவ்வொரு வரிசைக் குச்சியும் கீழ்வரிசைக் குச்சிக்கு நேர் மேலே நிற்க வேண்டும்; விலகினால் அந்த இடத்தில் பலகை தொய்ந்து, தொய்வோடே காய்ந்துவிடும். பக்கவாட்டுக் காற்று வேண்டும், நேர் வெயில் கூடாது. மேல் வரிசையில் கனம் வையுங்கள். முனை வழியாக ஈரம் மிக வேகமாக வெளியேறுவதால்தான் வெடிப்பு முனையில் தொடங்குகிறது. அறுத்த அன்றே இரு முனைக்கும் கெட்டியான பெயின்டோ மெழுகோ பூசிவிட வேண்டும். மறுநாள் பூசினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் அதற்குள் விழுந்திருக்கும்.

ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்கும். மரத்தின் வளர்ச்சி வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் 25 மி.மீ. தேவைப்படும் இடத்துக்கு 28 அல்லது 29 மி.மீ. அறுங்கள், இழைப்பதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கூடுதல். ஈரப்பத மீட்டர் இல்லாவிட்டால், அடுக்கின் நடுவிலிருந்து ஒரு பலகையைக் குறித்து வைத்து வாராவாரம் எடை போடுங்கள். இரண்டு மூன்று வாரம் எடை மாறாமல் நின்றால், அந்த இடத்துக் காற்றில் அதற்குமேல் அது காயாது. மேசை நாற்காலிக்குப் போகும் மரம் 12 சதவீதத்தை ஒட்டி இருப்பது நல்லது. ரப்பர் மரம், மாமரம் போன்றவற்றையும் வெள்ளைப் பகுதி அதிகமுள்ள பலகைகளையும் அறுத்தவுடன் போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசலில் முக்கிவிடுங்கள். தள்ளிப்போட்டால் நீலப்பூஞ்சை பிடிக்கும், பிறகு உளுவண்டு வரும்.

வட்டியைப் பொறுத்தவரை ஒரே கேள்வி போதும்: கட்டக் கட்டக் குறையும் நிலுவைக்கு வட்டியா, முதலில் வாங்கிய முழுத் தொகைக்கு வட்டியா? முழுத் தொகைக்கு 12 சதவீதம் என்று சொல்லி 12 சமத் தவணையாக வாங்கினால், குறையும் நிலுவைக் கணக்கில் அது 21 சதவீதத்தைத் தாண்டும். செயலாக்கக் கட்டணம், காப்பீடு, கட்டாயச் சேமிப்பு என்று முன்கூட்டியே பிடிப்பவை இன்னும் ஏற்றும். கையெழுத்துப் போடும் முன் கைக்கு வரும் தொகையையும் மொத்தமாகத் திருப்பிக் கட்டும் தொகையையும் எழுதிக் கேளுங்கள்.

குழு உத்தரவாதக் கடனில் எல்லோரும் மரத்தொழிலாகவே இருப்பது ஆபத்து. மழைக்காலத்தில் வெட்டு, வண்டி, கட்டுமானம் மூன்றும் ஒன்றாகப் படுத்துவிடும். அப்போது ஒருவருக்கொருவர் தவணை கட்டித் தர யாரிடமும் காசு இருக்காது. தையல், பால், மளிகை என்று கலந்த குழுவே நல்லது. மரத்தைக் கடனுக்கு விற்றதில் வரவேண்டிய பாக்கி எந்நேரமும் புழங்கும் முதலில் கால் பங்கைத் தாண்ட விடாதீர்கள். அளவுக்கு அறுக்கும் ஆர்டருக்குப் பாதி முன்பணம் வாங்கிய பிறகே ரம்பத்தில் ஏற்றுங்கள். சொன்ன அளவுக்கு அறுத்த சட்டத்தை வேறு யாரும் முழு விலைக்கு வாங்க மாட்டார்கள்.

சொந்த ரம்பம் இரண்டாவது, மூன்றாவது கடனுக்கான விஷயம். இயந்திரத் தவணை, மின்சாரம், பிளேடு தீட்டும் செலவு, ஆள்கூலி நான்கையும் சேர்த்ததைவிட, மில்லுக்குக் கொடுத்த கூலி ஆறு மாதம் தொடர்ந்து அதிகமாக இருந்தால்தான் வாங்கலாம். அதற்குப் பிறகு நுண்கடனே போதாமல் போகும். வருடத்துக்கு ஒரே தவணையாகக் கட்டும் கடனோ, வேண்டும்போது எடுத்துக் கட்டும் வங்கி வரம்போதான் காய்கிற மரத்துக்கு ஏற்றது. வங்கியில் கேட்கும்போது வாங்கிய சீட்டுகள், தடி வாரியாக எழுதிய அளவுப் புத்தகம், தவறாமல் கட்டிய தவணை அட்டை மூன்றையும் கொண்டுபோங்கள். அளவுப் புத்தகத்தில் ஒவ்வொரு தடிக்கும் சுற்று, நீளம், தேறிய பலகை, விற்ற விலை, பணம் வந்த தேதி இருக்க வேண்டும்.