பெயர்ப்பலகை இல்லாத ஹேண்ட்ஃப்ரீ கடை

என் ஹெட்செட்டின் வலது காது செத்தது பம்பலப்பிட்டிக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் நடுவில். காலை ஏழரை ரயிலில், கதவோரம் நின்று அமெரிக்கப் பாடகர் எம். ஜே. லெண்டர்மனைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கிட்டார் உச்சத்துக்கு ஏறுகிற நேரம் ஒரு கீச்சு. பிறகு அந்தப் பக்கம் தண்டவாளச் சத்தம் மட்டும். வயரைத் திருகிப் பிடித்தால் பாட்டு வந்தது, விட்டால் போனது. கோட்டை வரைக்கும் திருகிப் பிடித்தபடியே போனேன்.

புதுசு தேடி அலைந்து கடைசியில் புறக்கோட்டையில் ஒரு கடையைப் பிடித்திருக்கிறேன். நாலு மாதமாகப் போய்வருகிறேன். என்னைப்போலப் பாட்டுப் பைத்தியங்கள் கொழும்பில் இன்னும் நாலு பேராவது இருப்பார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் போனது குளிரூட்டிய பெரிய கடை ஒன்றுக்கு. பெயர் வேண்டாம். "அக்கா, ஹிப்-ஹாப் கேக்கிறதெண்டா இதுதான். நெஞ்சு அதிரும்" என்று பெடியன் ஒரு பெட்டியை நீட்டினான். திறந்து கேட்டுப் பார்க்க விடமாட்டார்களாம், திறந்தால் வாங்கத்தான் வேண்டுமாம். வாங்கினேன். நெஞ்சு அதிர்ந்தது உண்மை. ராப் பாடகர் கென்ட்ரிக் லமார் என்ன சொல்கிறார் என்பதுதான் கேட்கவில்லை.

ஹிப்-ஹாப் என்றால் பாஸ், அந்த அடித்தொண்டை முழக்கம்தான், என்று யார் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. பாஸ் வேண்டும்தான். ரோலண்ட் கம்பனி 1980இல் கொண்டுவந்து 1983இல் கைவிட்ட 808 என்ற டிரம் மெஷினின் அந்த நீண்ட அடி இல்லாமல் பாதி ராப் இல்லை. ஆனால் அந்த அடிக்கும் சுருதி உண்டு, அது ஏறும், இறங்கும், இழுபட்டு அடங்கும். நான் வாங்கிய சாமானில் எல்லாம் ஒரே 'பொம்' ஆகி, பக்கத்து வீட்டில் மா இடிக்கிற மாதிரிக் குரலை மூடிவிட்டது. லமாருக்கு 2018இல் அமெரிக்காவின் புலிட்சர் இசைப் பரிசு கொடுத்தார்கள். அதுவரை அது செவ்வியலையும் ஜாஸையும் தாண்டி வெளியே போனதில்லை. அந்த மனுசனின் சொல்லைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பது? அதோடு ஆங்கிலம் எங்கள் வீட்டுமொழியும் இல்லை. வேகமாகப் போகிற வரியில் ட்டன்னாவும் ப்பன்னாவும் தெறித்து விழுந்தால்தான் எனக்குப் பாதியாவது விளங்கும்.

தம்பி கனடாவில், டொரொண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறான். 2024இல் லமாரும் டொரொண்டோ ராப்பர் டிரேக்கும் பாட்டாலேயே அடிபட்டபோது, ஊர்க்காரன் என்ற ஒரே காரணத்துக்காக டிரேக் பக்கம் நின்றவன். பாட்டு வந்த கையோடு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அக்கா, அந்த வரி பிடிபட்டதா?" என்று கேட்பான். இந்த ஹெட்செட்டோடு அந்தச் சண்டையைக் கேட்டிருந்தால் யார் யாரை ஏசினார்கள் என்றே எனக்குத் தெரிந்திருக்காது.

சரி, கடைக்கு வருவோம். கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி ஓல்கொட் மாவத்தையைக் கடந்து முதலாம் குறுக்குத் தெருவுக்குள் போங்கள். போன் கவர் தொங்கும் கடைகளுக்கு நடுவே ஒரு ஒடுங்கின மாடிப்படி இருக்கும். மேலே ஏறினால் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஈயம் பற்றவைக்கும் கோலோடு ஒரு நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவது). பெயர்ப்பலகை இல்லை. "போர்ட் போட்டா வாடக ஏறும்" என்றார். சும்மா சொன்னாரா, உண்மையா தெரியாது.

அவர் எல்லா ஹெட்செட்டையும் ஹேண்ட்ஃப்ரீ என்றுதான் சொல்வார். ஐந்நூறு ரூபாச் சாமானும் ஹேண்ட்ஃப்ரீ, பத்தாயிரமும் ஹேண்ட்ஃப்ரீ. ஆனால் ஒவ்வொரு மாதிரியிலும் ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறார். எங்கள் போனில், எங்கள் பாட்டைப் போட்டு, எவ்வளவு நேரமும் கேட்கலாம். நான் முதல்நாள் முக்கால் மணித்தியாலம் இருந்தேன். இடையில் ஒரு பிளேன்டீயும் வந்தது.

அவருடைய சோதனைப் பாட்டு ஒன்றே ஒன்று, நாகூர் ஹனிபா. "ஹனிபாட கொரல் கிழியாம வந்தா மத்தது எல்லாம் வரும் தங்கச்சி." நான் சிரித்தேன். பிறகு போட்டுக் கேட்டபோது சிரிப்பு நின்றது. அந்த வெண்கலக் குரல் உயரப் போகிற இடத்தில் பெரிய கடையில் வாங்கிய என் பாஸ் ஹெட்செட் இரைந்தது, அவர் தந்த சின்ன உலோக ஹேண்ட்ஃப்ரீ தாங்கிக்கொண்டது.

என்னுடைய சோதனை வேறு. இண்டி ராக் கேட்பவள் என்று சொல்லிக்கொண்டு திரிகிற நான் இப்போது பாதி நேரம் கேட்பது கன்ட்ரி என்ற அமெரிக்கக் கிராமத்து இசைதான் என்பதை வீட்டில் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. லெண்டர்மன் வட கரோலைனாவின் ஆஷ்வில் ஊர்க்காரர். கரகர கிட்டாருக்குப் பக்கத்தில் பெடல் ஸ்டீல் என்ற மிதி கிட்டாரை அழவிடுவார். வாக்ஸஹாட்சி என்ற பெயரில் பாடும் கேட்டி கிரட்ச்ஃபீல்ட் அலபாமாப் பெண். இளவயதில் பங்க் பக்கம் நின்றவர், இப்போது பாடினால் தென்மாநிலத்து இழுவை அப்படியே வருகிறது. 2024இல் அவர் வெளியிட்ட தொகுப்பில் லெண்டர்மனும் சேர்ந்து பாடுகிறார். இரண்டு குரலும் ஒன்றின்மேல் ஒன்று சாயும்போது எது யாருடையது என்று பிரித்துக் கேட்கவேண்டும். அதற்காகத்தான் ஒருவர் காசு கொடுத்து நல்ல ஹெட்செட் வாங்குவது.

அதைவிடக் கஷ்டம் பெடல் ஸ்டீல். வழக்கமாக ஒரு கழுத்துக்குப் பத்துத் தந்தி. காலால் மிதித்தும் முழங்காலால் தள்ளியும் சுருதியை வளைப்பார்கள். எங்கள் மாமி படித்த ஹவாய் கிட்டாரின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வளைவு தொடங்கும் இடமும் முடியும் இடமும் காதில் வழுக்கிக்கொண்டு போகவேண்டும். மட்டமான சாமானில் நடுப்பகுதி காணாமல் போய், ஈ பறக்கிற மாதிரிக் கேட்கும். நானா தந்ததில் வளைவு முழுசாக வந்தது. ஆனால் பாஸ் இல்லை. சுத்தமாக இல்லை.

"காது சின்னது உங்களுக்கு" என்றார் ஒரே பார்வையில். லாச்சியிலிருந்து மூன்று அளவில் ரப்பர் எடுத்து மாற்றி மாற்றிப் போட்டார். ரப்பர் காதை இறுக அடைக்காவிட்டால் பாஸ் வெளியே ஓடிவிடும். இதைச் சொல்லித்தர ஒரு பெரிய கடையிலும் ஆளில்லை. மிகச் சின்ன அளவைப் போட்டதும் 808 வந்து உட்கார்ந்தது, லமாரின் வாய்க்குக் கீழே, அவரை மறிக்காமல். வாக்ஸஹாட்சியையும் திரும்பப் போட்டேன். விலை கேட்டேன். 4,500. பேரம் பேசினேன், 4,200.

இன்னொன்று. என் போனில் ஹெட்செட் சொருகும் வட்ட ஓட்டை கிடையாது, டைப்-சி கன்வெர்ட்டர் வேண்டும். எல்லாக் கன்வெர்ட்டரும் எல்லாப் போனுக்கும் வேலை செய்யாது, சில போனுக்கு உள்ளே சிப் வைத்ததுதான் சரிவரும். இது தெரியாமல் முன்பு இரண்டு வாங்கி எறிந்திருக்கிறேன். நானா என் போனில் சொருகிப் பார்த்துவிட்டுத்தான் தந்தார்.

கன்ட்ரி பற்றி ஒரு வார்த்தை, யாராவது மூக்கைச் சுளிப்பதற்கு முன். கன்ட்ரியின் தலைநகரான நாஷ்வில், ரேடியோவில் லாரியையும் பியரையும் மட்டும் பாடிய காலத்தில் நானும் சுளித்தவள்தான். பியோன்சே 2025 கிராமியில் கன்ட்ரித் தொகுப்புக்கான விருதை வாங்கினார், கறுப்பினத்தவர் ஒருவருக்கு அது முதல்தடவை. தொகுப்பு எனக்குக் கொஞ்சம் நீளம், பாதியில் தேநீர் போட எழும்பலாம். அதில் வந்துபோகும் பாடகர் ஷபூஸி, 2004இல் வந்த ஒரு ராப் பாட்டைக் கன்ட்ரியாக்கி அமெரிக்கப் பட்டியலில் 19 கிழமை முதலிடத்தில் இருந்தார். அதைத் தெகிவளையில் ஒரு கலியாண வீட்டு டிஜே பைலாவோடு கோர்த்துப் போட்டார். மாமாமார் எல்லாம் எழும்பி ஆடினார்கள். எது ராப், எது கன்ட்ரி என்று ஒருவரும் கேட்கவில்லை.

குறைகளும் உண்டு. ரசீது கிடையாது, உத்தரவாதம் வாயால்தான். கார்ட் எடுக்கமாட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பூட்டுவார், எப்போது திறப்பார் என்று நிச்சயமில்லை. ஒருமுறை படியிலேயே ஒன்றரை மணி வரைக்கும் இருந்தேன். விலையும் எதிலும் ஒட்டியில்லை, ஆள் பார்த்துச் சொல்கிறாரோ என்ற சந்தேகம் இன்னும் இருக்கிறது. மத்தியானத்தில் அந்த மாடி அடுப்பு, மின்விசிறி அவர் பக்கம்தான் திரும்பியிருக்கும்.

பற்றவைக்கும் வேலை மட்டும் கறார். செத்த என் பழைய ஹெட்செட்டின் பின்னை வெட்டி எறிந்து புதுசு வைத்துத் தந்தார், 300 ரூபா. அது இப்போது அப்பாவுக்கு.

அப்பாவுக்கு உலகத்தில் ஒரே பாடகர் ஜிம் ரீவ்ஸ். சின்ன வயதில் இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பில் பிடித்த வியாதி. மைக்கில் உதடு தொடுகிற மாதிரி நெருங்கி, கத்தாமல் பாடிய மனுசன். அவர் தானே ஓட்டிப்போன விமானம் 1964இல் மழையில் விழுந்தபோது அப்பாவுக்குப் பதினாலு வயது. இப்போது போன் ஸ்பீக்கரில் போட்டு வெள்ளவத்தை லேன் முழுக்கக் கேட்கச் செய்கிறார். ஹெட்செட் கொடுத்தேன், வயர் கட்டையாம், சாய்மனைக் கதிரைக்கு எட்டவில்லையாம்.

போன சனிக்கிழமை வயரை நீட்டக் கொண்டுபோனேன். நானா ஒரு மீற்றர் சேர்த்துப் பற்றவைத்தார். சரிபார்க்க ஹனிபாவைத் தேடினார். நான் என் போனை நீட்டி ஜிம் ரீவ்ஸைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார்.

"யாரு இந்த மனுசன்? காதுக்குள்ள வந்து கதைக்கிறாரு."

"ஜிம் ரீவ்ஸ், நானா. அப்பான்ர ஆள்."

"இப்ப ஈக்கிறாரா?"

"இல்ல நானா, 64இலயே போயிட்டார். பிளேன் விழுந்து."

"இன்னாலில்லாஹி" என்றார் மெதுவாக. கொஞ்ச நேரம் வயரைச் சுருட்டினார். பிறகு, "முந்நூத்தம்பது தாங்க" என்றார்.