லென்ஸ் கழுவ எது சரி: மல்டிபர்ப்பஸா, பெராக்சைடா?

சென்னையில் கான்டாக்ட் லென்ஸ் வாங்கினால், பெரும்பாலும் கூடவே ஒரு மல்டிபர்ப்பஸ் சொல்யூஷனையும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு முறை வேண்டுமென்றால் நாமாகக் கேட்க வேண்டும்.

மல்டிபர்ப்பஸில் தேய்ப்பது, அலசுவது, ஊறவைப்பது எல்லாம் ஒரே பாட்டிலில் முடியும். தூசி விழுந்தால் லென்ஸை அதிலேயே அலசிக் கண்ணில் போடலாம். ஆனால் பாதி வேலை நம் விரலுடையது. பாட்டிலில் ‘தேய்க்க வேண்டாம்’ என்றே போட்டிருந்தாலும் தேய்ப்பதுதான் நல்லது. ராத்திரி பதினொரு மணிக்கு ஓஎம்ஆரிலிருந்து வீடு வந்து சேருகிறவருக்கு அதற்குப் பொறுமை இருக்குமா? நேற்று ஊற்றியதைக் கொட்டாமல் மேலே கொஞ்சம் விட்டு மூடிவிட்டுத் தூங்கப் போவார். 2006-இல் ரெனு மாய்ஸ்சர்லாக் என்ற மல்டிபர்ப்பஸ் சொல்யூஷன் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டதே, அதற்குக் காரணமான ஃபியூசேரியம் என்ற பூஞ்சைத் தொற்றில் இந்தப் பழக்கத்துக்கும் பங்கு இருந்தது.

பெராக்சைடு சோம்பேறிக்கு ஏற்றது, அவசரக்காரருக்கு ஆகாது. நெட்டைக் கேஸில் லென்ஸைத் தொங்கவிட்டதும் பிளாட்டினம் பூசிய வட்டிலிருந்து குமிழ் குமிழாகப் பொங்கும். 3 சதவீதப் பெராக்சைடு ஆறு மணி நேரத்தில் தண்ணீரும் ஆக்சிஜனுமாகப் பிரிந்துவிடும். அதற்குள் எடுத்துப் போட்டால் கண் தீயாய் எரியும். சாதாரணக் கேஸில் ஊற்றினால் எத்தனை மணி நேரமானாலும் அடங்காது. ப்ரிசர்வேட்டிவ் கிடையாது என்பதால், மல்டிபர்ப்பஸ் ஒத்துக்கொள்ளாத கண்ணுக்கு இதுதான் வழி. புண் கழுவ மெடிக்கல் ஷாப்பில் விற்கிற பெராக்சைடு வேறு சரக்கு, அதைத் தொடவே வேண்டாம்.

தினமும் லென்ஸ் போட்டு, ராத்திரி ஆறு மணி நேரம் தூங்குகிறவர் என்றால் என் ஓட்டு பெராக்சைடுக்கு. கல்யாணம், விசேஷத்துக்கு மட்டும் போடுகிறவருக்கு இரண்டுமே வேண்டாம். ஒரு நாள் போட்டுத் தூக்கிப்போடும் டெய்லி லென்ஸ் போதும்.

எதை வாங்கினாலும் தண்ணீர் மட்டும் படக்கூடாது. மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணீர், கேன், ஆர்ஓ எதுவும் விதிவிலக்கல்ல. கருவிழியைக் குடையும் அகந்தமீபா என்ற நுண்ணுயிரி பெரும்பாலும் தண்ணீர் வழியாகத்தான் வரும். கை கழுவினால்கூட ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் லென்ஸைத் தொட வேண்டும். கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கோ உங்கள் டாக்டரிடமோ போங்கள். லென்ஸையும் கேஸையும் கையோடு எடுத்துப் போங்கள், கிருமிப் பரிசோதனைக்குக் கேட்பார்கள்.